பதியன் போட்ட தோட்டங்கள்

ஜனவரி 26, காலை ஆறே முக்கால். போசரியில் எந்தப் பட்டறையிலும் பிரஸ் ஓடவில்லை. தகடு வெட்டும் சத்தம், ஃபோர்ஜிங் சுத்தியலின் அதிர்வு, நாசிக் நெடுஞ்சாலையில் ஊர்ந்து போகும் டிரெய்லர்களின் ஹாரன், இவை மூன்றும் கலந்ததுதான் மற்ற நாளில் போசரி. குடியரசு நாளன்று அந்த மூன்றும் அடங்கிவிடுகின்றன. பள்ளி மைதானத்தில் பேண்டு வாத்தியம் ஒத்திகை பார்க்கிறது. அம்ருத்துல்ய டீக்கடையில் இஞ்சி இடிக்கிறார்கள். வாயைத் திறந்தால் புகை வருகிறது. ஜனவரியில் புனே வட்டாரத்தின் அதிகாலை வெப்பம் 11 டிகிரிக்குப் பக்கம் இறங்கிவிடும்.

பழனியை அடுத்த ஆயக்குடியிலிருந்து பொங்கலுக்கு மகன் வீட்டுக்கு வந்திருந்த மூதாட்டி ஒருவருக்கு இந்தக் குளிர் பிடிபடவில்லை. மகன் எம்ஐடிசி தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறார். மருமகள், பேத்தி, பேரன் எல்லோரும் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு கிளம்பி நிற்க, அவர் மட்டும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“இந்தக் குளிர்ல போயி யாருடா பூப் பாப்பாங்க?”

“இந்தக் குளிர்லதாம்மா இங்க பூவே பூக்கும்.”

மகன் சொன்னது சரி. தமிழ்நாட்டில் மலர்க் கண்காட்சி என்றதும் மே மாத உதகை நினைவுக்கு வரும். ஜனவரியில் உதகைப் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும்; மென்மையான நாற்று கருகிவிடும். தக்காணத்தில் கதை தலைகீழ். கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கும் புனேயில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிடும். பெட்டூனியாவுக்கும் டேலியாவுக்கும் சாமந்திக்கும் இங்கே வாய்த்த காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான். அதனால்தான் புனேயின் பெரிய மலர்க் கண்காட்சி ஆண்டுதோறும் குடியரசு நாளையொட்டி எம்ப்ரஸ் தாவரவியல் தோட்டத்தில் நடக்கிறது. குடும்பம் கிளம்பியதும் அங்கேதான்.

போசரி என்ற பெயருக்கு ஊர்க்காரர்கள் சொல்லும் கதை, இது போஜராஜன் ஆண்ட போஜபுரம் என்பது. உண்மையோ இல்லையோ, அக்கம்பக்கத்து ஊர்ப்பெயர்கள் சொல்லும் சேதி இன்னும் சுவையானது. பிம்ப்ரி என்ற பெயர் பிம்பள் மரத்திலிருந்து, அதாவது அரச மரத்திலிருந்து வந்தது என்கிறார்கள். சிஞ்ச் என்றால் புளி, வட் என்றால் ஆல். இரண்டும் சேர்ந்தது சிஞ்ச்வட். ஆலங்குடி, புளியங்குடி, அரசூர் என்று பேர் வைத்துப் பழகியவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. நாட்டின் பெரிய மோட்டார் வாகன ஆலைகள் சிலவற்றைக் கொண்ட பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியின் பெயரில் மூன்று மரங்கள் இருக்கின்றன.

போசரிக்கான மெட்ரோ நிலையம் ஊருக்குள் இல்லை. சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி நாசிக் ஃபாட்டாவில் இருக்கிறது. ஷேர் ஆட்டோவில் அங்கே போய் ஊதா வழித்தட வண்டியில் ஏற வேண்டும். பிம்ப்ரியிலிருந்து ஃபுகேவாடி வரையிலான முதல் பகுதி 2022 மார்ச்சில் திறக்கப்பட்டது; அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வண்டி சிவில் கோர்ட் வரை நீண்டது. காசர்வாடி, ஃபுகேவாடி தாண்டி மூன்றாவது நிறுத்தம் தாபோடி. சன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் தெரிவது தகரக் கூரைகள், அரசுப் பேருந்துகளைப் பழுதுபார்க்கும் பணிமனை, ராணுவப் பொறியியல் கல்லூரியின் நீண்ட மதில், அப்புறம் முளா ஆறு. கதவு திறந்து மூடுவதற்கு முப்பது விநாடிகூட ஆகாது. யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

அந்த முப்பது விநாடி நிறுத்தத்தில்தான் பம்பாய் மாகாண அரசின் தாவரவியல் தோட்டம் ஒரு காலத்தில் இருந்தது. உதகைத் தோட்டத்தை அமைக்க 1848-இல் மெக்ஐவர் வந்து சேர்வதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1828-இல், இங்கே மரம் நட ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைய ஆவணங்களில் ஊரின் பெயர் தாபூரி.

இடம் முதலில் ஒரு படை அதிகாரியுடையது. பேஷ்வாவுக்காகத் திரட்டப்பட்டு ஆங்கில அதிகாரிகளின் கீழ் இயங்கிய படைப்பிரிவு ஒன்று தாபோடியில் முகாமிட்டிருந்தது. அதன் தளபதி ஃபோர்ட். 1817 நவம்பர் 5 அன்று கட்கியில் பேஷ்வாவுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் போர் மூண்டபோது அந்தப் படை தாபோடியிலிருந்து நடந்து போய்க் கம்பெனிப் படையோடு சேர்ந்துகொண்டது. ஆற்றங்கரையில் ஃபோர்ட் கட்டியிருந்த பங்களாவை ஆளுநர் ஜான் மால்கம் பிறகு அரசுக்காக வாங்கினார். மழைக்காலத்தில் பம்பாயை விட்டு ஆளுநர் வந்து தங்க ஒரு வீடு, அதைச் சுற்றி ஒரு தோட்டம். அரசின் எண்ணத்தில் அது வெறும் அலங்காரத் தோட்டமாக இருக்கவில்லை. கப்பலில் இங்கிலாந்திலிருந்து வந்து சேரும் மருந்துகள் பாதி கெட்டுப்போயிருக்கும், விலையும் கூடுதல். பட்டாள மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துச் செடிகளை இங்கேயே விளைவிக்க முடியுமா என்று பார்ப்பதும், பிற நாட்டுப் பயிர்களைத் தக்காண மண்ணில் பழக்குவதும் அதன் வேலைகள்.

1838-இல் தோட்டத்தின் பொறுப்புக்கு வந்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் அலெக்சாண்டர் கிப்சன். அதற்கு முன் தக்காணத்திலும் கான்தேஷிலும் கிராமம் கிராமமாகப் போய் அம்மைத் தடுப்பூசி போட்டவர். அந்த அலைச்சலில் செடி கொடிகளையும் காடுகளையும் கண்ணால் பார்த்துப் பழகியிருந்தார். ஜுன்னர் பக்கம் ஹிவரேயில் தாபோடிக்குத் துணையாக இன்னொரு தோட்டமும் அவர் கவனிப்பில் இருந்தது. மலைச்சரிவுகளில் மரம் வெட்டப்பட்டால் ஊற்று வற்றும், மண் அரித்து ஆற்றையும் துறைமுகத்தையும் மேடாக்கும் என்று அவர் அரசுக்கு விடாமல் எழுதினார். 1847-இல் பம்பாய் மாகாணத்தின் முதல் காடுகள் காப்பாளராக அவரையே நியமித்தார்கள். காட்டுக்குள் பரம்பரையாகப் புழங்கியவர்களின் உரிமைகளை அந்தத் துறை பின்னாளில் எப்படி முடக்கியது என்பது தனிக் கதை. அதையும் மறந்துவிடக் கூடாது. ஆனால் மழையையும் மரத்தையும் ஒரே கணக்கில் எழுதிப் பார்த்த ஒரு மருத்துவர் இந்தத் தாபோடியில் உட்கார்ந்திருந்தார் என்பது அந்த மெட்ரோ வண்டியில் போகும் ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டிய செய்தி. தாவரவியலாளர் டால்செல்லுடன் சேர்ந்து அவர் 1861-இல் வெளியிட்ட ‘பம்பாய் ஃபுளோரா’ மேற்கிந்தியத் தாவரங்களைப் பற்றிய முன்னோடி நூல்களில் ஒன்று.

தோட்டத்தின் இன்னொரு மிச்சம் கடல் கடந்து இருக்கிறது. 1847 முதல் 1850 வரை கிப்சன் ஓர் ஓவியரை வைத்துத் தோட்டத்துச் செடிகளை வரையச் செய்தார். ஏறத்தாழ 170 நீர்வண்ண ஓவியங்கள். அவை இப்போது எடின்பரோ அரசத் தாவரவியல் தோட்டத்தில் இருக்கின்றன. அங்கே பணியாற்றிய ஹென்றி நோல்ட்டி 2002-இல் அவற்றைப் பற்றித் தனி நூலே எழுதினார். வரைந்தவர் போர்ச்சுகீசிய-இந்திய வழியினர் என்ற அளவுக்குத்தான் குறிப்பு உண்டு. பெயர் எங்கும் பதிவாகவில்லை. அதே காலத்தில் சென்னை மாகாணத்தில் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காகச் செடிகளை வரைந்த ரங்கையா, கோவிந்து இருவரின் பெயராவது நமக்குக் கிடைத்திருக்கிறது. தாபோடியின் ஓவியருக்கு அதுவும் வாய்க்கவில்லை. மூன்று ஆண்டுகள் அவர் ஒவ்வொரு இதழையும் நரம்பையும் பார்த்துப் பார்த்துத் தீட்டிய தோட்டத்தை 1865-இல் மூடிவிட்டார்கள். ஆளுநர் மாளிகை கணேஷ்கிண்டுக்கு மாறியது. தோட்டமும் பின்னால் அங்கேயே போனது.

வண்டி தாபோடியைத் தாண்டி முளா ஆற்றைக் கடக்கிறது. பக்கத்திலேயே ஹாரிஸ் பாலம். சற்று மேலேதான் பவனா ஆறு முளாவோடு சேர்கிறது. தண்ணீரின் நிறத்தைப் பார்த்துப் பாட்டி முகம் சுளித்தார். ஆகாயத்தாமரை கரையோடு கரையாக மூடிக் கிடந்தது. தென் அமெரிக்காவிலிருந்து பூவழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி அது. இடம்பெயரும் எல்லாச் செடியும் நல்ல விருந்தாளியாக இருந்துவிடுவதில்லை.

ரேஞ்ச் ஹில் பகுதி தாண்டியதும் வண்டி தரைக்குள் இறங்குகிறது. இறங்கும் இடம் புனே வேளாண் கல்லூரியின் நிலம். பயிர் வளர்ப்பைப் படிப்பிக்கும் வயலுக்கு அடியில் சுரங்கம் போகிறது. அதற்கடுத்த சிவாஜிநகரில் வானிலைத் துறையின் கட்டடத்தை ஊர் இன்றும் ‘சிம்லா ஆபீஸ்’ என்றே அழைக்கிறது. துறையின் தலைமையகம் 1928-இல் சிம்லாவிலிருந்து இங்கே வந்தது. சிவில் கோர்ட் நிலையம் தரைக்குக் கீழே 33 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கிருந்து நகரும் படிக்கட்டுகளில் மேலே, இன்னும் மேலே ஏறித் தூண்களின் மேல் ஓடும் இன்னொரு வழித்தடத்தைப் பிடிக்க வேண்டும். பேரனுக்கு அன்றைய நாளின் பெரிய வேடிக்கை அந்தப் படிக்கட்டுகள்தான். புனே ரயில் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால் குதிரைப் பந்தய மைதானத்தை ஒட்டி எம்ப்ரஸ் கார்டன்.

விக்டோரியா ராணிக்கு 1877-இல் இந்தியாவின் பேரரசி என்ற பட்டம் சூட்டப்பட்டது. அதற்கு முன்பு இது சிப்பாய்கள் பொழுதுபோக்கும் ‘சோல்ஜர்ஸ் கார்டன்’. பெயர் மாறி ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது, பேரரசும் போய்விட்டது, புனேக்காரர்கள் நாவில் ‘எம்ப்ரஸ்’ மட்டும் நிலைத்துவிட்டது. 39 ஏக்கர். மேற்கிந்திய வேளாண்-தோட்டக்கலைச் சங்கத்தின் பராமரிப்பில் இருக்கிறது. அந்தச் சங்கத்தின் வேர் 1830-ஆம் ஆண்டுக்குப் போகிறது.

வாசலில் கூட்டம் நெரிந்தது. நுழைந்ததும் பூக்களின் பக்கம் ஓடுவதே எல்லோருக்கும் வழக்கம். அதில் தவறில்லை. தொட்டி தொட்டியாக அடுக்கிய பெட்டூனியா, கால்முட்டு உயரத்தில் ஆஸ்டர், கைப்பிடியளவு டேலியா, பான்சியின் பூனை முகம், ஸ்நாப்டிராகனின் அடுக்குவாய். கூடாரத்துக்குள் ரோஜாக்கள் ஒற்றை ஒற்றையாகப் பாட்டிலில் நின்றன. இந்தப் பக்கத்து ரோஜாவுக்குப் பின்னால் பெரிய வியாபாரம் இருக்கிறது: புனே-மும்பை சாலையில் மாவள் வட்டாரத்தின் பசுமைக்குடில்களிலிருந்து பிப்ரவரி 14-க்காக வெளிநாட்டுக்குப் பூ போகும். ஹோசூர்க்காரர்களும் அதே நாளுக்காகத்தான் அதே வாரங்களில் கண்விழித்திருப்பார்கள். போன்சாய் மேசைகளின் முன்னால் பெரியவர்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கான சித்திரப் போட்டி இந்தக் கண்காட்சியின் நெடுநாள் வழக்கம். ஏதோ ஒரு புல்வெளியில் எந்நேரமும் நாலு பிள்ளைகள் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பார்கள். ஆயக்குடிப் பேத்தியும் பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

ஆனால் இந்தத் தோட்டத்தின் உயிர் பூத்தொட்டிகளில் இல்லை. கூடாரங்களைத் தாண்டி உள்ளே, ஓடை ஓடும் பக்கம் நடந்தால் வெளிச்சம் குறைகிறது. சளசளப்பு பின்னால் தங்கிவிடுகிறது. வயதான மரங்களின் உலகம் அங்கே தொடங்குகிறது. ஆலமரம் விழுது இறக்கி, விழுதே தூணாகி, எது முதல் அடிமரம் என்று கண்டுபிடிக்க முடியாமல் நிற்கிறது. ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு ராட்சதக் கொடிகள் பாய்ந்திருக்கின்றன. யானைத் துதிக்கைத் தடிமன். கயிறு முறுக்கினாற்போல் முறுக்கிக்கொண்டு, தரையில் கொஞ்ச தூரம் படுத்துக் கிடந்து, பிறகு ஒரு நினைப்பு வந்ததுபோல எழுந்து உச்சிக்குப் போகின்றன. காட்டுக்குள் போனால்தான் பார்க்கக்கூடிய இப்படிப்பட்ட கொடிகளை 30 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரத்தின் நடுவில் பார்ப்பது அரிது. பூங்கா வைக்கிறவர்கள் முதலில் வெட்டி எறிவது கொடியைத்தான். மரத்தை நெரித்துவிடும் என்ற பயம். இங்கே அதை வளரவிட்டிருக்கிறார்கள். அதற்கே நூறு கும்பிடு போடலாம்.

பாட்டி ஒரு கொடியின் பட்டையைக் கையால் தடவிப் பார்த்தார். மந்தாரை இனத்திலும் இப்படி ஒரு பெருங்கொடி உண்டு. மத்திய இந்தியக் காடுகளில் அதன் அகன்ற, இரட்டைக் குளம்பு போன்ற இலைகளைப் பறித்துக் காயவைத்துக் கட்டுக் கட்டாக அனுப்புவார்கள். தமிழ்நாட்டில் கல்யாண வீட்டிலும் மிட்டாய்க் கடையிலும் ஈர்க்குச்சியால் தைத்த மந்தாரை இலையில் சாப்பிட்டவர்கள் அந்தக் கொடியை ஒருபோதும் பார்த்திருக்க மாட்டார்கள். பிளாஸ்டிக் தட்டு வந்த பிறகு இலையும் அருகிவிட்டது.

நண்பகலில் வெயில் இதமாக ஏறியது. புல்வெளியில் குடும்பங்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்து டப்பாக்களைத் திறந்தன. பாக்கரி, தேச்சா, எள்ளுருண்டை. நம் குடும்பத்தின் டப்பாவில் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். இந்த மாதத்தில் புனேயைச் சுற்றிய பண்ணைகளில் ஹுர்டா விருந்து நடக்கும். பால் முற்றாத சோளக் கதிரை வறட்டித் தணலில் வாட்டிக் கசக்கி, சூட்டோடு வெல்லமும் சட்னியும் தொட்டுத் தின்பது. நம் ஊரில் கம்பங்கதிரை வாட்டித் தின்ற தலைமுறைக்கு அதன் ருசியைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

செடி விற்கும் வரிசைக்கு வந்தபோதுதான் அந்த நாளின் முக்கியமான காரியம் நடந்தது. பழமரக் கன்றுகள் அடுக்கிய கடை ஒன்றில், மாதிரிக்காக ஒரு கூடையில் பழங்கள் இருந்தன. பாட்டி ஒரு கொய்யாவை எடுத்தார். வெளிர்மஞ்சள் தோல், அதில் மேடும் பள்ளமுமாகச் சொரசொரப்பு. மூக்கருகில் கொண்டுபோனார்.

“சர்தார், ஆஜி, சர்தார் பேரு!” என்றார் கடைக்காரர். மராத்தியில் ‘ஆஜி’ என்றால் பாட்டி; கொய்யாவுக்குப் ‘பேரு’ என்று பெயர். பழம் பெரு நாட்டிலிருந்து வந்ததால் அந்தப் பெயர் என்று சொல்பவர்கள் உண்டு.

பாட்டி மகனைப் பார்த்துச் சொன்னார்: “சர்தாராவது ஒண்ணாவது. இது நம்ம லக்னோடா. லக்னோ நாப்பத்தொம்போது.”

“இங்க வேற பேரும்மா.”

“பேரு எதுவா இருந்தா என்ன, தோலைத் தொட்டுப் பாரு.”

பாட்டியின் விரல் பொய் சொல்லவில்லை. தமிழ்நாட்டுக் கொய்யா விவசாயிகள் ‘லக்னோ-49’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் ரகமும் மகாராஷ்டிரத்தின் ‘சர்தாரும்’ ஒன்றே. லக்னோ என்ற பெயரைக் கேட்டு வடக்கே எங்கோ உருவானது என்று நினைத்துக்கொண்டிருந்தால் அதுவும் சரியில்லை. லக்னோவிலிருந்து வந்தவை விதைகள் மட்டுமே. அவற்றை விதைத்து, முளைத்த கன்றுகளிலிருந்து இந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தது புனே. இடம், கணேஷ்கிண்ட் பழ ஆராய்ச்சிப் பண்ணை. ஆண்டு 1927. தேர்ந்தெடுத்தவர்கள், தோட்டக்கலை அறிஞர் ஜி.எஸ். சீமாவும் அவருடன் பணியாற்றிய தேஷ்முக்கும். தாபோடியை மூடிய பிறகு 1873-இல் கணேஷ்கிண்டில் தொடங்கிய தாவரவியல் தோட்டத்தின் வழிவந்த பண்ணைதான் அது. காலையில் முப்பது விநாடி நின்ற நிலையத்துக்கும் ஆயக்குடிச் சந்தைக்கு விடிகாலையில் வந்து இறங்கும் கொய்யாக் கூடைக்கும் இப்படி ஒரு வழி இருக்கிறது.

கணேஷ்கிண்டின் முதல் காலத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர் மார்ஷல் உட்ரோ. இந்தியத் தட்பவெப்பத்தில் தோட்டம் போடுவது எப்படி என்று அவர் எழுதிய கையேடு பல பதிப்புகள் கண்டது. இன்று அந்த இடம் ராகுரியில் இருக்கும் மகாத்மா பூலே வேளாண் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. ‘சீமா சாகேபி’ திராட்சை அங்கே தேர்ந்தெடுத்த இன்னொரு ரகம். சுமார் 33 ஹெக்டேர் பரப்புள்ள அந்தத் தோட்டத்தை மகாராஷ்டிர அரசு 2020-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. நாலாபுறமும் மேம்பாலமும் மெட்ரோத் தூணும் அடுக்குமாடியும் எழும்பிவிட்ட நகரத்தில் இந்த அறிவிப்பு வெறும் மரியாதைப் பட்டமாக இருந்துவிடக் கூடாது. 33 ஹெக்டேரில் ஒரு மூலையைச் சாலைக்கென்று கிள்ளினால் அது வரைபடத்தில் தெரியாது. ஒன்றரை நூற்றாண்டு வேர்விட்ட மரம் போனால் மட்டும் தெரியும்.

அந்தத் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த ஆளுநர் மாளிகை இன்று சாவித்ரிபாய் பூலே புனே பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கட்டடம். 1864-இல் அதைக் கட்டத் தொடங்கியவர் ஆளுநர் பார்ட்டில் ஃப்ரேர். அவருடைய பெயரை ஒரு செடியும் சுமக்கிறது. ஃப்ரேரியா இண்டிகா என்று டால்செல் பெயரிட்டது. ஜுன்னரின் சிவநேரிக் கோட்டைப் பாறை போன்ற சில செங்குத்துச் சரிவுகளில் மட்டும் ஒட்டிக்கொண்டு வாழ்வது. நம் ஊர்க் கல்லாங்குத்துகளில் முளைக்கும் கள்ளிமுளையானுக்கு உறவு. ஆனால் கள்ளிமுளையானின் நான்கு பட்டைத் தண்டில் இலை கண்ணுக்கே தெரியாது. இதற்கோ சதைப்பற்றான முழு இலைகள் உண்டு. மழைக்காலம் முடியும் தறுவாயில் கருஞ்சிவப்பு நட்சத்திரமாகப் பூக்கும். உலகின் மிக அழியும் நிலையிலுள்ள தாவரங்களில் ஒன்றாக இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் அதை 1970-களில் பட்டியலிட்டது. போசரி வழியாகப் போகும் அதே நாசிக் நெடுஞ்சாலைதான் நாராயண்காவ் வழியாக ஜுன்னருக்கும் கொண்டுபோகிறது. ஆனால் சிவநேரிக்குப் போகிறவர்களின் கண் கோட்டை வாசலை விட்டு அந்தப் பாறைப் பிளவின் பக்கம் திரும்புவதில்லை.

இத்தகைய செடிகளுக்குக் கணக்கெழுதும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மேற்கு மண்டல மையமும் புனேயில்தான் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பின் அந்த ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பு ஈ.கே. ஜானகி அம்மாளிடம் தரப்பட்டது. கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் உழைத்துப் பெயர் பெற்றவர். 1955-இல் தென் மண்டல மையம் கோவையிலும் மேற்கு மண்டல மையம் புனேயிலும் தொடங்கப்பட்டன. மேற்குத் தொடர்ச்சி மலையின் வடக்கிலும் தெற்கிலும் ஒரே ஆண்டில் இரண்டு உலர்தாவரச் சாலைகள்.

கடையில் பேரம் நடந்தது. பாட்டி கன்றின் அடித்தண்டைக் கவனமாகப் பார்த்தார். மேல்மண்ணை விரலால் விலக்கியபோது சின்ன முண்டு ஒன்று தெரிந்தது. அது பதியன் போட்ட தழும்பு. தாய்மரத்தின் கிளையில் ஒரு வளையம் பட்டையை உரித்து, ஈரப் பாசியை வைத்துப் பாலித்தீன் தாளால் சுற்றிக் கட்டிவிடுவார்கள். சில வாரங்களில் அந்த இடத்தில் வேர் விடும். பிறகு கிளையை வெட்டித் தனியே நட்டால் அதுவே மரம். விதை போட்டால் குணம் மாறிவிடும். பதியன் போட்டால் மாறாது. ஆகவே 1927-இல் கணேஷ்கிண்டில் ஒரு கொய்யாக் கன்றைப் பார்த்து இதுதான் என்று கைவைத்தார்களே, ஆயக்குடியில் இன்று காய்த்து நிற்பதும் இந்தக் கடைத் தொட்டியில் இருப்பதும் அந்தக் கன்றின் உடம்பேதான். கிளை மேல் கிளையாக, கை மேல் கையாக மாறி வந்திருக்கிறது.

பேத்தி தன் நோட்டை நீட்டினாள். ராட்சதக் கொடியை வரைந்திருந்தாள். தாளில் இடம் போதாமல் கொடி ஓரத்தில் வெட்டுப்பட்டு, பக்கத்தைத் திருப்பினால் மறுபக்கத்தில் தொடர்ந்தது. தாபோடியில் பெயர் தெரியாமல் போன ஓவியருக்கு வேலை தாளின் அளவுக்குள் ஒரு கொத்தைப் படுக்க வைப்பது. ஒன்பது வயதுக்காரிக்கு அந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை.

“இதுல உம் பேரை எழுதினியா?” என்று கேட்டாள் அம்மா. மூலையில் எழுதினாள்.

திரும்பும்போது வண்டியில் இடம் கிடைக்கவில்லை. ஓர் இளைஞர் எழுந்து பாட்டிக்கு இடம் விட்டார். கொய்யாக் கன்று மடியில் ஏறியது. சிவாஜிநகர், கட்கி, போபோடி. தாபோடியில் கதவு திறந்தபோது குளிர்காற்று உள்ளே வந்தது. இலை ஆடாமல் இருக்கப் பாட்டி சால்வையின் ஒரு முனையை எடுத்து அதன் மேல் போட்டார்.

வீட்டுக்கு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. மாடிப்படித் திருப்பத்தில் காலை வெயில் விழும் மூலை ஒன்று இருக்கிறது. பட்டறையில் கட்டிங் ஆயில் வந்த பழைய பக்கெட் ஒன்றைக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, மகன் மண்ணை நிரப்பினார். நட்டு முடித்துக் கை கழுவப் போனவரைப் பாட்டி நிறுத்தினார்.

“குச்சி ஒண்ணு ஊனிக் கட்டு தம்பி. பதியங் கன்னுக்கு ஆணிவேர் கெடையாது. காத்தடிச்சா சாஞ்சிரும்.”

குச்சி கிடைக்கவில்லை. கட்டிலடியில் கிடந்த இரும்புக் கம்பித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து ஊன்றி, கிழிந்த வேட்டிக் கரையால் இழுக்காமல், தளர்வாக, எட்டுப் போலச் சுற்றிக் கட்டினார். காலை ஷிப்டுக்கு இன்னும் ஒன்பது மணி நேரம் இருந்தது.